கும்பகோணத்திலிருந்து டொராண்டோவுக்கு எத்தனை மணி நேரம்?

"டொராண்டோ எவ்வளவு தூரம் டீச்சர்? எத்தனை மணி நேரம் ஆகும்?" 2018 செப்டம்பரில் எங்கள் தெருவில் என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. நவம்பரில் மகளுக்குப் பிரசவம். அக்டோபர் நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் கிளம்புவதாக இருந்தோம். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கேட்டவர்களுக்கெல்லாம் தயங்காமல் கணக்குச் சொன்னேன். சென்னையிலிருந்து சுமார் 13,400 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், வகுத்தால் பதினைந்து மணி நேரம்.

கும்பகோணத்தில் எங்கள் வாசலில் கார் ஏறியதிலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் மகள் வீட்டுக் கதவு திறக்கும்வரை ஆனது நாற்பதரை மணி நேரம். அதில் விமானத்துக்குள் இருந்தது பதினெட்டு மணி இருபது நிமிடம். மீதி நேரமெல்லாம் சாலை, காத்திருப்பு, வரிசை, சோதனை, பெட்டி. இரண்டு ஊர்களுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்று தேடிப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கிலோமீட்டர் எண் உடனே கிடைத்துவிடும். ஆனால் வயதானவர்கள் பயணம் போகும்போது உண்மையில் தேவைப்படுவது அந்த நாற்பதரைதான். அது எப்படி உண்டாகிறது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் தூரம். சுவரில் மாட்டும் உலகப் படத்தைப் பார்த்தால் சென்னையிலிருந்து நேர் மேற்கே அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் தாண்டிப் போக வேண்டும் என்று தோன்றும். உருண்டையில் அப்படி இல்லை. என் மாணவிகளுக்குச் செய்துகாட்டியதையே வீட்டில் செய்து பார்த்தேன். பூமி உருண்டையில் சென்னைமேல் ஒரு நூலின் நுனியை வைத்து, மறு நுனியை டொராண்டோவுக்கு இழுத்துப் பிடித்தால் நூல் மேற்கே போகாது. கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பும். நடு ஆசியா, உரால் மலைகள், ரஷ்யாவின் வடமேற்கு மூலை, அப்புறம் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே கடல், கிரீன்லாந்து, கடைசியில் கனடா. அந்த நூலின் நீளம்தான் 13,400 கிலோமீட்டர்.

அந்த நூல்மேல் பறக்கிற விமானம் எதுவும் சென்னையிலிருந்து கிடையாது. எங்காவது இறங்கி மாற வேண்டும். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போனால் 7,600-உம் 6,300-உம் சேர்ந்து சுமார் 13,900 கிலோமீட்டர். லண்டன் வழியும் ஏறக்குறைய அதே அளவுதான். துபாய் வழியாகப் போனால் முதல் பகுதி 2,900, அடுத்தது 11,100, ஆகச் சுமார் 14,000. பார்த்தால் மூன்று வழிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அதனால் எந்த வழி கிட்டம் என்று யோசிப்பதில் பயன் இல்லை. நடுவில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், இதுதான் கேள்வி. துபாய் வழியில் இரண்டாவது விமானத்தில் பதினான்கு மணி நேரம் போல உட்கார வேண்டும். ஐரோப்பா வழியில் பத்து, எட்டரை என்று பயணம் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, காலும் வீங்கும். அதனால் ஃபிராங்ஃபர்ட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

டிக்கெட் அச்செடுத்துக் கையில் வந்தது. சென்னையில் கிளம்புவது அக்டோபர் 14, 01:50. டொராண்டோவில் இறங்குவது அக்டோபர் 14, 15:30. பார்த்தால் பதின்மூன்று மணி நாற்பது நிமிடம்தான். ஆனால் அந்த இரண்டு நேரமும் இரண்டு ஊர்க் கடிகாரம். இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து. டொராண்டோவுக்கு 75 டிகிரி மேற்கு. இடையில் 157½ டிகிரி. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் பத்தரை மணி நேரம். அக்டோபரில் அங்கே கோடைக்காலக் கடிகாரம் ஒரு மணி முன்னால் இருப்பதால் ஒன்பதரை. டொராண்டோவின் மாலை மூன்றரையோடு ஒன்பதரையைக் கூட்டினால் நம் ஊரில் இரவு ஒரு மணி, தேதி 15. அப்படியென்றால் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு இருபத்து மூன்று மணி பத்து நிமிடம். திரும்பும் டிக்கெட் இதற்கு நேர்மாறு. அதைப் பார்த்தால் இருபத்தெட்டு மணி ஐம்பது நிமிடம் போலத் தெரியும். கணக்குப் போட்டால் பத்தொன்பது மணி இருபது நிமிடம்தான். எந்த டிக்கெட்டாக இருந்தாலும் இரண்டு நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகுதான் கழிக்க வேண்டும். மேற்கே போகிற டிக்கெட் பயணத்தைக் குறைத்துக் காட்டும், கிழக்கே வருகிற டிக்கெட் கூட்டிக் காட்டும்.

இவ்வளவும் போட்டுப் பார்த்தவள் தேதியைக் கோட்டைவிட்டேன்.

டிக்கெட்டில் 14 என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. காலையில் கும்பகோணத்தில் கிளம்பினால் சாயங்காலம் சென்னை, ராத்திரி விமானம் என்று மனதில் பதிந்துவிட்டது. காருக்கும் 14-ம் தேதி காலைக்கே சொல்லியிருந்தோம். 12-ம் தேதி சாயங்காலம் தம்பி மகன் பெட்டி கட்ட உதவிக்கு வந்தான். டிக்கெட்டை எடுத்துப் பார்த்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அத்தை, இது ராத்திரி ஒண்ணே அம்பது. பதிமூணாம் தேதி ராத்திரியே நீங்க ஏர்போர்ட்ல இருக்கணுமே" என்றான். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. அவன் வராமல் இருந்திருந்தால், விமானம் போய்ப் பதினெட்டு மணி நேரம் கழித்து நாங்கள் பெட்டியோடு மீனம்பாக்கத்தில் போய் நின்றிருப்போம். அன்று இரவு யாரும் தூங்கவில்லை. நாத்தனார் வந்து பருப்புப்பொடியும் அங்காயப்பொடியும் இடித்துக் கொடுத்தாள். 13-ம் தேதி காலை பதினொரு மணிக்குக் கார் கிளம்பியது.

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் நிறைய நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. நம் வழக்கில் விடிந்தால்தான் அடுத்த நாள். டிக்கெட்டுக்கு நள்ளிரவு பன்னிரண்டு தாண்டினாலே அடுத்த நாள். அதனால் டிக்கெட் நேரம் 00:00-க்கும் 05:00-க்கும் இடையில் இருந்தால், நாட்காட்டியில் முந்தின நாள் கட்டத்தில் "இன்று இரவு புறப்பாடு" என்று சிவப்பு மையால் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

கும்பகோணத்திலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். தாம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேரவே ஏழு மணி நேரம் ஆனது. அட்லாண்டிக்கைத் தாண்டிய நேரத்துக்கும் இதற்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, ஒன்பதே முக்காலுக்கு விமான நிலையம் போனோம். பெரியவர்கள் ஊரிலிருந்து வந்த அசதியோடு நேராக விமான நிலையத்துக்குப் போகக் கூடாது. இரண்டு மணி நேரமாவது எங்காவது காலை நீட்டிப் படுக்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பெரிய கவலையே அதுதான். இவர் காலையிலும் இரவிலும் இன்சுலின் போடுகிறவர். மேற்கே பறக்கும்போது சூரியனும் நம்மோடு கூடவே வருகிறது. ஃபிராங்ஃபர்ட்டில் மதியம் ஒரு மணிக்கு ஏறி, எட்டரை மணி நேரம் பறந்து, டொராண்டோவில் இறங்கும்போதும் மாலை மூன்றரைதான். வழி நெடுக ஜன்னலில் வெயில். அந்த ஒரு நாள் உடம்புக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம். 'காலை', 'இரவு' என்று எழுதிய மருந்துச் சீட்டு அன்றைக்கு உதவாது.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் டாக்டரிடம் டிக்கெட்டையே எடுத்துப்போய்க் காட்டினோம். அவர் ஒரு வெள்ளைத்தாளில் முழுக்க இந்திய நேரத்திலேயே கட்டம் போட்டுக் கொடுத்தார். எந்த மணிக்குச் சாப்பாடு, எந்த மணிக்கு ஊசி, எந்த மணிக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், எவ்வளவு இருந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. போகும்போது நாள் நீள்வதால் ஒரு கணக்கு, வரும்போது நாள் சுருங்குவதால் வேறு கணக்கு. அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. உங்கள் டாக்டரிடம் டிக்கெட்டோடு போய்க் கேளுங்கள். இவர் தன் கல்யாணத்துக்கு வாங்கிய எச்எம்டி கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. மகள் வீட்டில் முதல் இரவு தூங்கி எழும்வரை அது இந்திய நேரத்திலேயே ஓடியது. விமானத்தில் பணிப்பெண் "பிரேக்ஃபாஸ்ட்" என்று சொன்னாலும், டாக்டர் கொடுத்த தாளையும் அந்தக் கடிகாரத்தையும் பார்த்துத்தான் சாப்பிட்டார்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறையில் குளிர் அதிகமாகி மருந்து உறைந்துவிடலாம், பெட்டியே தாமதமாகவும் வரலாம். கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஊசி, மருந்துப் பெயர்கள் எழுதிய டாக்டர் கடிதமும் கூடவே. சோதனையில் கேட்டார்கள், காட்டினோம், மரியாதையாக விட்டார்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட இனிப்பு ஏதாவது சட்டைப் பையிலேயே இருக்கட்டும். மேலே பெட்டி வைக்கும் இடத்தில் இருந்தால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. ஊறுகாய், நெய், தயிர் எல்லாம் திரவக் கணக்கு. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் வைத்த தின்பண்டங்களைக் கனடாவில் இறங்கும்போது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பொடிகளைச் சொன்னோம், ஒன்றும் ஆகவில்லை.

கால் வீக்கத்துக்கு: நடைபாதை ஓரத்து இருக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்கினோம். ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து வால் பக்கம்வரை நடந்து வருவார். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குவார். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. "எழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு" என்று நம்மவர்கள் கூச்சப்பட்டு அப்படியே இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளினார்கள். வருடா வருடம் நவம்பர் முதல் ஞாயிறு அப்படி, மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி முன்னால். அதுவரை நாங்கள் இரவு எட்டரைக்குக் கூப்பிட்டால் கும்பகோணத்தில் காலை ஆறு மணி, தம்பி நடைப்பயிற்சிக்குக் கிளம்புமுன் பேசிவிடுவான். அன்று கூப்பிட்டபோது அங்கே ஏழாகிவிட்டது, ஆள் இல்லை. இந்தியாவில் கடிகாரம் மாறுவதில்லை என்பதால் இந்த மாற்றம் நமக்குச் சட்டென்று உறைக்காது. இந்த இரண்டு ஞாயிறுகளை ஒட்டிப் பயணம் இருந்தால் நேரங்களை மறுபடி சரிபாருங்கள். ஐரோப்பா கடிகாரத்தை மாற்றுவது வேறு தேதிகளில், அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும்.

அடுத்த நாள், நவம்பர் 5, இரவு 9.40-க்குப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நான் தம்பிக்குப் போன் போட்டேன். கும்பகோணத்தில் அப்போது நவம்பர் 6, காலை எட்டே கால், தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "தீபாவளிக்கே பொறந்துட்டா அத்தை" என்று தம்பி மகன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. எங்களுக்கோ வெளியே இருட்டு, தீபாவளிக்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி. பிறப்புச் சான்றிதழில் 5-ம் தேதி. ஊரில் எல்லோரும் எழுதிவைத்தது 6-ம் தேதி. ஜாதகம் எழுதும்போது இது பெரிய பேச்சாகிவிட்டது. ஜோசியர் தெளிவாகச் சொன்னார்: பிறந்த ஊர் நேரம், அந்த ஊரின் அட்சரேகை தீர்க்கரேகை, அன்று கடிகாரம் கோடைக்காலத்துக்கு முன்தள்ளியிருந்ததா இல்லையா, இதுதான் வேண்டும். இந்திய நேரத்தை எழுதி, பிறந்த ஊர் டொராண்டோ என்று போட்டால் லக்னமே மாறிவிடும். வெளிநாட்டில் பேரன் பேத்தி பிறந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏப்ரலில் திரும்பினோம். டொராண்டோவிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு ஏழே கால் மணி நேரம்தான். அதே தூரம், போகும்போது எட்டரை. நடு அட்சரேகைகளுக்கு மேலே, ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு போல ஓடுகிறது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலும் போகும். வருகிற விமானத்தை அது தள்ளிவிடுகிறது, போகிற விமானம் அதை எதிர்க்கவோ விலகிப் போகவோ வேண்டும். காற்று மட்டும் இல்லை, வானத்தில் வழி அடைத்தாலும் நேரம் கூடும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வழி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்தது பதின்மூன்று மணி நேரம் போல ஆகிவிட்டது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அதனால் பழைய பயண அனுபவத்தை நம்பாமல், நீங்கள் போகும் தேதிக்கு உள்ள நேரத்தைப் பாருங்கள்.

பயண நேரம் குறைவு என்றாலும் உடம்புக்குக் கஷ்டம் திரும்பி வந்தபோதுதான். டொராண்டோவில் நாலைந்து நாள் விடிகாலை இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. கும்பகோணத்தில் பத்து நாள் ஆனது. உடம்பு நாளுக்கு ஒரு மணி நேரம் போலத்தான் நகரும் என்பார்கள். மேற்கே போனால் நாளை நீட்ட வேண்டும், அது உடம்புக்கு எளிது. கிழக்கே வந்தால் சுருக்க வேண்டும். காலை வெயிலில் மொட்டை மாடியில் நடந்ததும், பகலில் அரை மணிக்கு மேல் படுக்காமல் இருந்ததும்தான் உதவின.

இரண்டாம் முறை 2023 மே மாதம். இந்தத் தடவை தேதியில் தவறவில்லை. வேறொரு விஷயத்தில் பாடம் கிடைத்தது. ஐரோப்பாவில் ஓர் ஊரில் மாறுவதற்கு ஒரு மணி பத்து நிமிடம் இருந்த டிக்கெட்டை, மொத்த நேரம் குறைவாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கினோம். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். சக்கர நாற்காலி கேட்டிருக்கும் எங்களைப் போன்றவர்கள், மற்ற எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்க முடியும். நாற்காலி தள்ளுகிறவர் வந்து, மின்தூக்கிக்குக் காத்திருந்து, மறுபடி சோதனை முடிந்து போனபோது கதவு மூடியாகிவிட்டது. கண்ணாடி வழியாக விமானம் நிற்பது தெரிகிறது, ஏற முடியவில்லை. அடுத்த இடம் மறுநாள் அதே நேரத்துக்குத்தான். வெளியே ஹோட்டலுக்குப் போக எங்களிடம் அந்த நாட்டு விசா இல்லை. ஒரு நாள் முழுக்க நாற்காலிகளில் கழித்தோம். போர்வையும் சாப்பாட்டுச் சீட்டும் கொடுத்தார்கள். பெரிய பெட்டிகள் கைக்கு வராது. "வேண்டியதைப்போல இரண்டு மடங்கு மருந்து கைப்பையில் வையுங்கள்" என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்ததுதான் காப்பாற்றியது. இவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, தாளைப் பார்த்து, நேரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டார். எனக்குத்தான் கழிப்பறைக்குப் போய் அழுகை வந்தது.

அன்று எங்களுக்கு ஒரு நல்லதும் இருந்தது. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட், ஒரே பதிவு எண். அதனால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பாக இருந்தது, பணம் கேட்கவில்லை. என் தங்கை சம்பந்தி, விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கிப் போய், முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவது டிக்கெட் முழுப் பணமும் போனது. தனி டிக்கெட் என்றால் நடு ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியும் இருக்கும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டியிருக்கலாம். அமெரிக்கா வழியாக டொராண்டோ போகிற டிக்கெட்டும் மலிவாகக் காட்டும். நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். எந்த வழியானாலும் நடு ஊர் விதியைப் பணம் கட்டுமுன் பாருங்கள், பிறகு பார்த்தால் தாமதம்.

மகள் வரும் ஆகஸ்டில் கூப்பிட்டிருக்கிறாள், பேத்திக்குப் பள்ளி விடுமுறை. போன வாரம் டிக்கெட் எடுத்தோம். ஒரே பதிவு எண், நடுவில் நான்கு மணி இருபது நிமிடம். குறைந்த இடைவெளி டிக்கெட்டைவிட ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் கூடுதல், கொடுத்துவிட்டோம். கிளம்பும் நேரம் மறுபடியும் நள்ளிரவு தாண்டித்தான். முந்தின நாள் கட்டத்தில் சிவப்பு மையால் எழுதியாகிவிட்டது. டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம்.